பனிமலை வழியும் மூவகை அளவையும்

தமிழ்நாட்டிற் பிறந்து வளர்ந்தார்க்குப் பனி என்னுஞ் சொல் விடியற்காலத்துப் புல்நுனியில் நிற்குந் துளியையே முதற்கண் நினைப்பிக்கும். முன்பனி, பின்பனி எனப் பெரும்பொழுது இரண்டினை வகுத்த பழைய ஆசிரியர் கருதியதும் அத்துளியும் அதனோடு வருங் குளிருமேயன்றி, ஆளுயரத்திற்கு மேலாக நிலத்தை மூடிக் கிடக்கும் வெண்பனியன்று. வடபுலத்து மலைகளிற் பொழியும் அப்பொருளுக்கும் இச்சொல்லையே வழங்கிவருதலின், ஒரு மயக்கம் நேர்ந்துவிட்டது. பனி என்ற அளவில் மென்மையும் தூய்மையும் நினைவிற்கு வருகின்றன. பஞ்சுபோல் இழியும் அது ஓரூரையே நொடிப்பொழுதில் மூடவல்லது என்பது வருவதில்லை. ஆஸ்திரியா நாட்டிலுள்ள கால்டூர் என்னும் மலையூரில் 1999-ஆம் ஆண்டு பிப்ரவரி 23-ஆம் நாள் பனிச்சரிவு புகுந்து, வீட்டினுள்ளும் தெருவினும் இருந்தாரில் 31 பேரை மாய்த்தது. அவர்கள் மலையேறச் சென்றவர்களுமல்லர்.

இமாலயம் என்னும் வடமொழிப் பெயர் பனிக்கு ஆலயம் எனப் பொருள்படும். சைவ மக்கட்கு அம்மலை வெறும் பூகோளப் பெயரன்று. திருக்கேதாரம் ஆங்குளது, திருக்கயிலை அதற்கு வடபால் உளது. திருஞானசம்பந்தர் திருக்காளத்தியினின்றே கேதாரத்தைப் பாடினார் என்பது வரலாறு. அன்று மனத்தாற் சென்று வழிபட்ட தலங்கட்கு இன்று காலாற் செல்வார் பலராயினர். 2020 முதல் நின்றிருந்த கயிலை யாத்திரை 2025-இல் மீளத் தொடங்கியது. கயிலையை வலம்வருவோர் கடக்கும் தோல்மா கணவாய் 5,600 மீட்டருக்கு மேற்பட்ட உயரமுடையது. இனி, வழிபாடு கருதாது, வண்டிப் பாதையும் காவலும் இல்லாத வெண்பனிப் புறங்களில் நீள்பலகைகளைக் காலிற் பூட்டிச் சறுக்கிச் செல்லும் இளைஞரும் காஷ்மீரத்துக் குல்மார்க்கிலும் ஐரோப்பாவின் ஆல்ப்ஸ் மலைகளிலும் பெருகியுள்ளனர். இருதிறத்தார்க்கும் மலை ஒன்றே, பனியும் ஒன்றே. அடியாரென்றும் விளையாடுவாரென்றும் அது வேறுபாடு அறியாது.

பனிச்சரிவு என்பது மழைக்காலத்து மண்சரிவுபோல எடைமிகுதியால் மட்டும் நிகழ்வதென்று பலர் கருதுவர். அது முழு உண்மையன்று. வானினின்று வீழ்ந்த பனி வீழ்ந்தவாறே கிடப்பதில்லை; கிடந்தவிடத்தே நாடோறும் உருமாறிக்கொண்டிருக்கிறது. புதுப்பனியின் அழகிய ஆறிதழ்ப் படிகங்கள் சில நாளிற் கரைந்து உருண்டையாகித் தம்முட் பிணையுமாயின், பனிப்போர்வை உறுதிபெறும். நிலத்தின் வெப்பமும் காற்றின் தட்பமும் மிக வேறுபடுமாயின் நிகழ்வது வேறு. பனிக்கடியில் நிலம் ஏறக்குறையப் பூச்சிய பாகையில் நிற்கும். மேலே காற்றோ அதற்குக் கீழே 20 பாகை வரை இறங்கியிருக்கும். பனியின் ஆழம் அரை மீட்டரேயாயின், ஒரு மீட்டருக்கு 40 பாகை என்னும் கணக்கில் வெப்பம் மாறும். மீட்டருக்கு 10 பாகையினும் மிக்க வேறுபாடு பல நாள் நீடித்தாற் போதும். கீழிருந்து மேலெழும் நீராவி படிகங்களைப் பிணைப்பற்ற கோணல் மணிகளாக மாற்றிவிடும். கையில் அள்ளினால் அவை சர்க்கரைபோல் விரலிடையே ஒழுகும். மலைவாணரும் அதனைச் சர்க்கரைப் பனி என்றே கூறுவர். இதனாற் பெறப்படுவது ஒரு வியப்பு: பனி மிகுந்த ஆண்டினும் பனி குறைந்த ஆண்டின் தொடக்கத்தில் அடித்தளம் கெடுதல் எளிது. போர்வை மெல்லிதாயின் குளிர் ஊடுருவிச் சென்று அடியைப் பாழாக்கும்.

தெளிந்த இரவில், காற்றசையாத பொழுதில், பனியின் மேற்பரப்பில் மற்றொருவகைப் படிகம் தோன்றும். இறகுபோல் எழுந்து நின்று காலைக் கதிரில் மின்னும் அதனைக் கண்டார் மகிழாதிரார். தமிழ்நாட்டுப் புல்நுனித் துளிக்கு அது உடன்பிறப்பேயாம். துளியாக வேண்டிய நீராவி நேரே உறைந்து இறகாயிற்று. அவ்வழகிய இறகுப் பரப்பின்மேல் மறுநாள் புதுப்பனி வீழ்ந்து மூடுமாயின், அதனினும் கொடிய அடுக்கு வேறில்லை. வாரக்கணக்கில் அது உள்ளே மறைந்து கிடக்கும். மேலே நோக்குவார்க்கு வெள்ளைவெளேரென்று ஒருசீரான பரப்பே தோன்றும்.

இவ்வாறு உள்ளே வலியற்ற ஓரடுக்கும், மேலே காற்றால் இறுகிய பலகைபோன்ற ஓரடுக்கும், போதிய சாய்வும் ஒருங்கு கூடினவிடத்து, வேண்டுவது ஒரு தூண்டுதலே. ஒரு மனிதன் கால்வைத்த அளவில் அடியடுக்கு நொறுங்கும். நொறுக்கம் ஒரு நொடியிற் பல பத்து மீட்டராகப் பக்கந்தோறும் ஓடும். மேற்பலகை முழுதும் கண்ணாடிபோல் வெடித்து, நின்றானையும் உட்கொண்டு இழியும். சாய்வு 30 பாகைக்குக் குறைந்தவிடத்து இஃது அரிது. 30 முதல் 45 பாகை வரையுள்ள சாய்வே மிக அஞ்சத்தக்கது. அவற்றுள்ளும் 38 பாகையை அடுத்தன முதன்மையானவை. மிகச் செங்குத்தான பாறைமுகங்களிற் பனி தங்காது அவ்வப்போது உதிர்ந்துவிடும். ஆகவே கண்ணுக்கு அச்சந்தரும் செங்குத்தினும், ஏறுதற்கு இனிதாய்ச் சறுக்குதற்கு வாய்ப்பாய்த் தோன்றும் சரிவே உயிர்க்கு உலைவைப்பது. தான் நிற்குமிடம் சமநிலமாயிருத்தலும் காவலாகாது. அடியடுக்கின் நொறுக்கம் சமநிலத்திற் பிறந்து ஓடிச்சென்று தலைக்கு மேலுள்ள சரிவை அவிழ்த்துவிடுதலும் உண்டு.

இவ்வகை விபத்துக்களிற் பத்தில் ஒன்பதில், சரிவை அவிழ்த்துவிட்டவர் அதில் அகப்பட்டவரோ அவருடன் சென்றவரோ ஆவர் என்பது பன்னாட்டு ஆராய்ச்சியாளர் கண்ட முடிபு. ஊரின்மேல் வந்து வீழ்வதற்கும் இதற்கும் உள்ள வேற்றுமை இதுவே. மலை அவர்மேல் வீழ்ந்ததன்று. அவரே மலையை வீழ்த்தினர். ஊழ் என்று ஒரு சொல்லிற் கூறிக் கடந்துசெல்வார்க்கு இக்கணக்கு இடையூறாக நிற்கும்.

இனி, மறைந்து கிடப்பதை அறியுமாறு யாங்ஙனம்? சித்தாந்த நூல் பயின்றார்க்கு இவ்வினா புதிதன்று. சிவஞான சித்தியாரின் தொடக்கத்தில் அளவை ஆராயப்படுகின்றது. ஆறென்றும் பத்தென்றும் பிறர் வகுத்த அளவைகளெல்லாம் காட்சி, கருதல், உரை என்னும் மூன்றனுள் அடங்கும் என்பது அங்கே துணிபு. பனிமலை நூலார் அந்நூலைக் கண்டவரல்லர். எனினும் அவர்கள் வழிச்செல்வோனுக்குக் கற்பிப்பன அனைத்தும் இம்மூன்றனுள்ளே வந்து அடங்குதல் காண்க.

காட்சி முதலாவது. அண்மையிற் சரிந்த தடம் பக்கத்து மலைமுகத்தில் தெரியுமாயின், அதனையொத்த சாய்வும் திசையும் உடைய இடமெல்லாம் ஐயத்திற்குரியன. நடக்குங்கால் காலடியினின்று விரிசல் அம்புபோல் ஓடுமாயின் அது மற்றோர் அறிகுறி. வாயிற்காட்சி கண்ணளவில் நில்லாது, செவிக்கும் உரியது. பனிமேல் நடப்போனுக்குச் சிலபோது அடியிலிருந்து கனத்த பெருமூச்சுப் போன்ற ஓரோசை கேட்கும். நிலமே சற்று இறங்கியதுபோல் உடல் உணரும். அஃது அடியடுக்கு நொறுங்கிய ஓசை. சாய்வு போதாமையால் அவ்விடத்துப் பலகை இழியவில்லை, அவ்வளவே. அவ்வோசையைக் கேட்டபின்னும் செங்குத்தான பக்கம் செல்வோனுக்கு மலை இதனினும் தெளிவாக ஒன்றும் சொல்லமாட்டாது.

ஆயினும் காட்சிக்கு ஐயமும் திரிவும் உண்டு. கயிற்றைப் பாம்பெனக் காண்டல் நூல்களிற் பயின்ற எடுத்துக்காட்டு. பனிமலையில் திரிவு எதிர்முகமாக நிகழ்கின்றது. பாம்பே கயிறாகத் தோன்றும். புதுப்பனி பொழிந்து ஓய்ந்த மறுநாள் வானம் நீலமணி போல் விளங்கும், கதிர் காயும், பரப்பெங்கும் ஒரு கறையும் இராது. அந்நாளே அஞ்சத்தக்க நாள். பொழிவு ஓய்ந்து பனி இன்னும் பிணையாத காலம் அது. வானம் தெளிந்தமையால் மலையும் தெளிந்ததென்று கருதுவோன் கண்டது கதிரை. காணாதது கதிர்விழும் பரப்பின் கீழுள்ளதை.

கருதல் இவ்விடத்தே துணைசெய்யும். மலையிற் புகை கண்டு நெருப்பு உண்டெனத் துணிவதுபோல, மேலுள்ள ஏதுவினால் கீழுள்ள நிலையைத் துணிய வேண்டும். ஏதுக்களுள் தலையாயது காற்று. வானினின்று ஒரு துளிப் பனியும் வீழாத நாளினும் காற்று மலைமுகட்டின் ஒருபுறத்துப் பனியை வாரி மறுபுறத்தே குவிக்கும். மோதும் பக்கம் வறண்டு பாறை தெரியும். மறைபக்கத்தில் முகட்டின்மேல் தாழ்வாரம் போல் பனி நீண்டு தொங்கும். தாழ்வாரம் தொங்கும் பக்கத்துச் சரிவிற் காற்றுப்பலகை உளது எனத் துணிதல் புகையால் நெருப்பைத் துணிதலை ஒத்ததேயாம். மூன்று நாளைப் பொழிவின் அளவு, திடுமென ஏறிய வெப்பம், பனிமேல் வீழ்ந்த மழை ஆகியனவும் ஏதுக்கள். இளவேனிலில் ஏது வேறாகும். இரவெல்லாம் உறைந்து கல்லாய்க் கிடந்த பரப்பு, கதிர் ஏற ஏற நீர்த்துக் கனத்து, நண்பகலில் தானே இழியத் தொடங்கும். அதுபற்றியே மலைவாணர் விடியுமுன் புறப்பட்டு நண்பகற்குள் மீளுவர். சோம்பலுடையார்க்கு இளவேனில் மலை உகந்ததன்று.

கருதலைச் சோதித்தற்கும் ஒரு வழி வகுத்துள்ளனர். காவலான ஓரிடத்தில், செல்லக்கருதிய சரிவையொத்த சாய்விலும் திசையிலும், பனியை நிலமட்டும் சதுரமாக அகழ்வர். அகழ்ந்த சுவரில் அடுக்குகள் ஏட்டுச்சுவடியின் ஓலைகள் போல் ஒன்றன்மேல் ஒன்றாகத் தோன்றும். ஒவ்வோரோலையும் ஒரு நாளின் வானிலையைத் தன்மேல் எழுதி வைத்திருக்கிறது: இது மழை பெய்த நாள், இது காற்றடித்த இரவு, இது இறகுப்பனி பூத்த விடியல். விரலால் தடவி எவ்வோலை வலியற்றது என்று அறிந்து, ஒரு தூணளவு பனியைத் தனியே அறுத்து நிறுத்தி, அதன் தலையிற் கையால் முறையே மெல்லவும் வலிதாகவும் தட்டுவர். எத்தனையாவது தட்டில் எவ்வடுக்கு நழுவிற்று என்பதனாற் பனியின் வலிமை ஒருவாறு விளங்கும். ஒருவாறு என்றதனைக் கருதுக. பத்தடி தள்ளி அகழ்ந்தால் வேறு விடை வருதலும் உண்டு. ஓரிடத்து வலிமை கண்டு மலைமுழுதும் வலிதெனத் துணிதல் கருதலளவை ஆகாது, போலியேயாம்.

மூன்றாவதாகிய உரை என்பது அறிந்தார் வாய்மொழி. சுவிட்சர்லாந்து நாட்டுத் தாவோஸ் நகரின் மேலுள்ள வைஸ்ஃப்ளூயோக் என்னுமிடத்தில் 1936-இல் ஒரு சிறு பனியாராய்ச்சிக் குடில் எழுந்தது. அதன் வழிவந்த நிலையம் 1945 முதல் பனிச்சரிவு அறிக்கை வெளியிட்டு வருகின்றது. 1993 முதல் ஐரோப்பிய நாடுகள் இடரின் அளவை ஐந்து படிகளாக ஒருதன்மையாய்க் கூறுகின்றன. இப்படிகளைப் பற்றி ஒன்று அறிதற்பாலது. ஐந்தனுள் மூன்று என்றால் நடுத்தரம் என்று எண்ணி மக்கள் துணிவர். உண்மையிலோ படிகள் ஒப்ப உயர்வனவல்ல. ஒவ்வொன்றும் முன்னதனினும் பன்மடங்கு கொடியது. மலைப்புறத்துச் செல்வோருள் இறப்பார் மிகுதியாக இறப்பது நான்காம் ஐந்தாம் படியில் அன்று, மூன்றாம் படியிலேயாம். நான்கு என்றால் வீட்டில் இருந்துவிடுகின்றனர். மூன்று என்றாற் புறப்படுகின்றனர். நம் நாட்டில் இப்பணிக்கென 1969-இல் மணாலியில் நிறுவப்பெற்ற பனியாராய்ச்சி நிலையம், 2020-இல் பாதுகாப்புத் துறையின் புவித்தகவல் ஆராய்ச்சி நிறுவனத்தோடு இணைக்கப்பெற்றது. இமயமலைப் பகுதிகட்கு எச்சரிக்கை அதன் வழியே வருகின்றது.

உரையளவை அச்சிட்ட அறிக்கையில் மட்டும் இல்லை. இடப்பெயரும் உரையே. ஆல்ப்ஸ் மலையிற் சுவிட்சர்லாந்துக்கும் இத்தாலிக்கும் இடையே பெரிய செயின்ட் பெர்னார்ட் என்னும் கணவாய் 2,469 மீட்டர் உயரத்தில் உளது. அதன் உச்சியில் பதினோராம் நூற்றாண்டின் நடுவில் பெர்னார்ட் என்னும் துறவி வழிப்போக்கர்க்கென ஒரு மடம் நிறுவினார். அம்மடத்திற்கு ஏறும் வடபக்கத்துப் பள்ளத்தாக்கிற்கு அந்நாட்டார் இட்ட பெயர் இறந்தோர் பள்ளம் என்பது. இப்பெயரை இட்டவர் எவரென்று தெரியாது. இட்டதற்குரிய காரணம் தெரியாதவர் இல்லை. பனிச்சரிவின் இடரை அறிந்து ஒழுகும் மரபறிவினை, சுவிட்சர்லாந்தும் ஆஸ்திரியாவும் வேண்ட, ஐக்கிய நாடுகளின் கல்வி பண்பாட்டுக் கழகம் 2018-இல் மனிதகுலத்தின் மரபுச் செல்வங்களுள் ஒன்றாகப் பதிந்துகொண்டது. அச்செயல் மிகத் தக்கது. ஊர்முதியோன் ஒருவன் தன் பாட்டன் காலத்தில் எங்கு வீடு கட்டலாகாதென்று விலக்கப்பட்டதோ அதனைச் சொல்லுங்கால், கருவிகள் காட்டாத நூறாண்டுக் காட்சி அவன் சொல்லில் அடங்கிக் கிடக்கின்றது.

அம்மடத்தைப் பற்றி இன்னும் சில சொல்லுதல் தகும். அறப்பணியாற் பெயர்பெற்ற மடங்கள் எச்சமயத்தனவாயினும் சைவ அன்பர் மதித்தற்குரியனவே. அங்குள்ள துறவியர் குளிர்காலத்தும் மலையை விட்டு இறங்குவதில்லை. வண்டிப்பாதை ஆண்டில் ஏறத்தாழ எட்டுத் திங்கள் பனியால் மூடிக்கிடக்கும். அக்காலத்தும் நீள்பலகையிலும் பனிமிதியிலும் ஏறிவருவார்க்கு உணவும் இடமும் ஆங்கு உண்டு. அவர்கள் வளர்த்த பெருநாய்கள் உலகப் புகழ் பெற்றன. பாரி என்னும் நாய் 1800 முதல் அங்கிருந்து நாற்பதின்மருக்கு மேற்பட்டாரை மீட்டதெனக் கூறுவர். 1814-இல் அது பெர்ன் நகரில் இறந்தது. அதன் உடல் அந்நகரத்துப் பொருட்காட்சிச் சாலையில் இன்றும் உளது. அந்நாய்களின் கழுத்திற் சாராயப் பீப்பாய் தொங்குவதாகப் படங்களிற் காண்பது ஓவியர் கற்பனை. குளிரால் விறைத்தானுக்குச் சாராயம் கொடுத்தல் நன்மையுமன்று. அது தோலின் நாளங்களை விரித்து உள்ளிருக்கும் வெப்பத்தையும் வெளியே போக்கும். பொய்யான பீப்பாய் உலகெங்கும் பரவிற்று. அத்துறவியர் இருளிலும் புயலிலும் வழிதேடிச் சென்ற மெய்ச்செயலை அறிந்தவர் சிலரே. 1923-இல் உரோமைப் பாப்பரசர் அப்பெர்னார்டு முனிவரை மலைசெல்வோர்க்குக் காவலராக அறிவித்தார். அப்பாப்பரசரும் இளமையில் மலையேறியவர்.

இங்ஙனம் மூன்று அளவையும் கைவரப்பெற்றோரும் இறக்கின்றனரே எனின், ஆம், இறக்கின்றனர். அமெரிக்க நாட்டில் ஈயன் மெக்கம்மன் என்னும் ஆராய்ச்சியாளர் 1972 முதல் 2003 வரை நிகழ்ந்த 715 விபத்துக்களை ஆராய்ந்து 2004-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். அறிவின்மையாற் செத்தார் என்று எண்ணிப் புகுவார்க்கு அது மனத்தை உறுத்தும். பனிச்சரிவு பற்றிக் கற்றவர்களே, அறிகுறிகள் கண்ணெதிரே நிற்கவும், உட்சென்றிருக்கின்றனர். பழகிய சரிவு என்பது ஒரு காரணம். முன்னே பிறர் சென்ற தடம் உளது என்பது ஒன்று. குழுவிற் பெரியவர் தயங்கவில்லை என்பது ஒன்று. இவ்வளவு தூரம் வந்துவிட்டோமே என்பது ஒன்று. அளவை நூலார் ஏதுப்போலி எனப் பெயரிட்டு விலக்குவன இவையே. நேற்று இச்சரிவு இழியவில்லை, ஆகலின் இன்றும் இழியாது என்னும் கூற்றில் ஏதுவிற்கும் துணிபொருளுக்கும் பிரியாத்தொடர்பு யாண்டுளது? நூறு முறை இழியாத சரிவு நூற்றொன்றாம் முறை இழிதற்கு அந்நூறு முறையும் தடையாவதில்லை. அன்றியும் பனிமலை பொல்லாத ஆசிரியன். தவறிய மாணாக்கனைப் பெரும்பாலும் தண்டியாது விடுகின்றது. தண்டனை வாராமையால் தான் கற்றது சரியென்று அவன் துணிகின்றான்.

கார்வால் இமயத்தில் திரௌபதி கா தண்டா என்னும் கொடுமுடியின் பக்கத்தில் 2022 அக்டோபர் 4-ஆம் நாள் மலையேற்றப் பயிற்சிக் குழுவொன்று பனிச்சரிவில் அகப்பட்டது. இறந்தும் காணாமற்போயும் அழிந்தவர் 29 பேர். பயில வந்த இளையரும் பயிற்றுவித்த தேர்ந்தோரும் அவருள் இருந்தனர். பயிற்சி இல்லாமையால் வந்தது என்று கூறி ஆறுதல் பெறுதற்கு அங்கு இடமில்லை.

அகப்பட்டான் பிழைத்தல் நிமிடக்கணக்கில் உளது. ஓடுங்கால் நீர்போல் இளகிய பனி, நின்ற அளவிற் சுண்ணாம்புச்சாந்துபோல் இறுகும். புதையுண்டவன் தன் விரலையும் அசைக்கலாற்றான். ஒரு கனமீட்டர் பனி அந்நிலையில் 400 கிலோ வரை எடையிருக்கும். 1994-இல் வெளிவந்த சுவிட்சர்லாந்துக் கணக்கின்படி, 15 நிமிடத்துள் மீட்கப்பெற்றாருள் நூற்றுக்குத் தொண்ணூற்றின் மேற்பட்டார் உயிரோடிருந்தனர். 35 நிமிடத்தில் அது முப்பதாகச் சுருங்கிற்று. 2024-இல் வந்த ஆராய்ச்சி அம்முதற் காலத்தையும் 10 நிமிடமாகக் குறைத்துவிட்டது. பள்ளத்தாக்கிலிருந்து மீட்புக்குழு வந்துசேர்வது அக்காலத்துள் இயலாது. ஆகவே மீட்போர் உடன்செல்வோரே. ஒவ்வொருவரும் அலைபரப்பும் சிறுகருவி ஒன்றை உடலோடு பிணித்தலும், துழாவுகோலும் மண்வாரியும் சுமத்தலும், ஐயமான சரிவை ஒருவர்பின் ஒருவராகக் கடந்து மற்றையோர் காவலிடத்தில் நின்று கண்வைத்திருத்தலும் அதன்பொருட்டே. கருவி உண்டென்று துணிந்து செல்வோனுக்கு ஒன்று கூறல் வேண்டும். பாறையிலும் மரத்திலும் மோதி முதல் நொடிகளிலேயே இறப்பாரும் உளர். அவர்க்குக் கருவி உதவுவது உடலைக் கண்டெடுக்குமளவே.

இனி அன்பர் சிலர் வினவக்கூடிய வினா ஒன்றுளது. இறைவன் திருவருளை நம்பிச் செல்வார்க்கு இவ்வாராய்ச்சி எற்றுக்கு? திருநாவுக்கரசர் திருக்கயிலை நோக்கிச் சென்றபோது கால் தேய, கை தேய, மார்பும் தேய, உடலாற் புரண்டு சென்றாரல்லரோ? வழியில் முனிவர் வடிவில் வந்து மீளுக என்றாரையும் மறுத்தாரல்லரோ? அங்ஙனமாக, பனிக்கஞ்சி மீளுதல் அன்பின் குறைவாகாதோ?

வினா எளிதிற் தள்ளத்தக்கதன்று. பெரியபுராணம் ஓதி வளர்ந்த நெஞ்சத்தில் அது தானே எழும். விடை கூறுமிடத்து முதற்கண் நோக்கவேண்டுவது, அரசுகள் தனித்துச் சென்றார் என்பது. உடன்வந்தாரை விட்டு நீங்கியே அவ்வழியிற் புகுந்தார். அவர் தேய்த்தது தம் உடம்பு ஒன்றனையே. பிறன் ஒருவன் உடம்பையும் அதிற் பணையம் வைத்திலர். பனிச்சரிவின் கீழ்ச் செல்வோனோ தனியனல்லன். அவன் அசைத்த பலகை அவனுக்குக் கீழே வருவார்மேல் வீழ்கின்றது. அவன் புதையுண்டால் அவனை அகழ வருவோர் அதே சரிவின்கீழ் நின்றே அகழ வேண்டும். மேலும், ஈறாக வந்த ஆணை யாது? திருக்கயிலைக் கோலத்தைத் திருவையாற்றிற் காண்க என்பதன்றோ? அரசுகள் அவ்வாணைக்கு இணங்கிப் பொய்கையில் மூழ்கினார். முனிவரை மறுத்த அன்பும் ஆணைக்கு இணங்கிய அன்பும் ஒரே அன்பு என்பதை மறந்து, மறுத்ததை மட்டும் எடுத்துக்காட்டுதல் வரலாற்றைப் பாதியில் நிறுத்துவதாகும்.

1996 ஆகஸ்டுத் திங்களில் காஷ்மீரத்து அமரநாதக் குகைக்குச் சென்ற அடியார் கூட்டத்தைக் கடும்புயலும் பனிப்பொழிவும் வழியிடை மறித்தன. பருவமல்லாத பருவத்தில் வந்த அக்குளிரில் 240 பேருக்கு மேல் இறந்தனர். இறந்தவருட் பலர் மெல்லிய ஆடையோடு, ஒதுங்க இடமின்றி, இரவைக் கழித்தவர். அவர் அன்பிற் குறைந்தாரென்று கூற எவர் வாய் துணியும்? குறைந்தது கம்பளியும் கூடாரமும் தடுத்து நிறுத்துவாருமே. அதன்பின் அரசினர் அமைத்த ஆராய்ச்சிக் குழு, நாளொன்றுக்குச் செல்வோர் தொகையை வரையறுத்தலும் உடல்நலம் ஆராய்ந்து விடுத்தலும் வேண்டுமென்றது. இன்று அவ்வழியிற் செல்வார் மருத்துவச் சான்று பெற்றே செல்கின்றனர். வானம் கெட்ட நாளில் யாத்திரை நிறுத்தப்படுகின்றது. நிறுத்தப்பட்ட நாளிற் கூடாரத்திலிருந்து முணுமுணுப்பாரும் உண்டு. நீண்டதூரம் வந்து நின்றவர்க்கு அம்முணுமுணுப்பு இயல்பே.

திருக்கேதாரத்து வழக்கம் இதனினும் பழமையானது. அத்திருக்கோயில் 3,583 மீட்டர் உயரத்தில், பனிமலைகள் மூன்றுபுறமும் சூழ நிற்கின்றது. தீபாவளியை அடுத்துவரும் நாளில் அங்கே திருக்காப்பிடுவர். இறைவன் திருவுருவம் பல்லக்கில் எழுந்தருளி, அடியார் சூழக் கீழே உகீமடத்து ஓங்காரேசுவரர் கோயிலுக்கு இறங்கும். குளிர்கால ஆறு திங்களும் வழிபாடு ஆங்கே நடைபெறும். அருச்சகரும் இறங்குவர், கடைக்காரரும் சுமைகாரரும் இறங்குவர். மேலே கோயிலைச் சுற்றிப் பனி ஏறும். மலைமுகங்களினின்று சரிவுகள் காண்பாரின்றி இழியும். திருக்காப்பு நீக்கும் நாள் இதுவென்று மாசிச் சிவராத்திரியன்று உகீமடத்திற் குறிப்பர். அந்நாள் அணுக, கூலியாட்கள் கௌரிகுண்டத்திலிருந்து மேல்நோக்கிப் பாதையிலுள்ள பனியை வெட்டிக்கொண்டு ஏறுவர். சரிவு இறங்கும் ஓடைகளைக் கடக்குமிடத்து வெட்டிய பனி இருபுறமும் மதில்போல் நிற்கும். ஆண்டின் முதல் அடியார் அம்மதில்களுக்கு இடையே செல்கின்றனர்.